வெயிற்காலத்து விருந்தினர்

விருந்தினரை வரவேற்று உண்பித்தல் ஒருவகைத் தொண்டு. அவர்க்கு ஊரைக் காட்டுதல் மற்றொரு வகைத் தொண்டு. முன்னையதற்கு இல்லாளின் கைத்திறன் போதும். பின்னையதற்குக் கதிரவனின் இசைவும் வேண்டும். திருச்சிராப்பள்ளியிற் சித்திரை, வைகாசித் திங்களில் வெப்பம் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் பல. உள்ளூரார் அக்காலத்து நண்பகலில் வெளியே தலைகாட்டார். வெளியூரிலிருந்து வந்தோரோ, குறித்த நாளுக்குள் எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கையால் உச்சிவேளையிலும் புறப்பட்டு நிற்பர். அவரை மனம் நோகாமல் வீட்டினுள் இருத்துவதே விருந்தோம்பலில் அரிய பகுதி என்பது என் துணிபு.

2025-ஆம் ஆண்டு சித்திரையில் மலேசிய நாட்டுப் பேராக் மாநிலத்திலிருந்து நண்பர் ஒருவர் தம் துணைவியாருடன் என் இல்லத்திற்கு வந்தார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராய் முப்பதாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். வல்லொற்று மிகும் இடம் பற்றிய ஐயம் ஒன்றைக் கேட்டு, இருபதாண்டுகளுக்கு முன் அவர் எழுதிய மடலே எங்கள் நட்புக்கு வித்து. மடலிற் பழகினோமேயன்றி ஒருவரை ஒருவர் நேரிற் கண்டதில்லை.

அவரை ஈன்ற அன்னையார்க்கு எண்பத்தெட்டு வயது. அவ்வம்மையாரின் தந்தையார் திருவரங்கத் தீவின் மேல்பால் உள்ள மேலூரிற் பிறந்தவர். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல்கள் ஓடிய காலத்திற் கடல் கடந்து சென்று, ரப்பர்த் தோட்டத்திற் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். பிறந்த மண்ணை மீண்டும் காண அவருக்கு வாய்க்கவில்லை. மகளோ தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தந்தையார் இரவுதோறும் சொன்ன ஆற்றுக் கதைகளே அவர் அறிந்த காவிரி. மகன் புறப்படும் செய்தி கேட்டதும் அம்மையார் ஒரு சிறு செம்பை எடுத்துக் கொடுத்து, அம்மா மண்டபத் துறையிலிருந்து அது நிறையக் காவிரி நீர் கொண்டு வருமாறு பணித்தாராம். “இதுவரை என்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை” என்று நண்பர் எழுதியிருந்தார். அவ்வரியைப் படித்தபோதே எனக்குக் கவலை பிறந்தது. சித்திரையிற் காவிரியில் நீர் ஏது? பயணச்சீட்டோ முன்னரே வாங்கப்பட்டிருந்தது.

விமான நிலையம் நகரின் தென்புறத்தில் உள்ளது; என் இல்லமோ ஆற்றுக்கு வடக்கே, திருவானைக்காவில். ஆகவே, வந்த இரவே காவிரிப் பாலத்தைக் கடக்க நேர்ந்தது. எங்கும் இருள். “இதுதானா ஐயா காவிரி?” என்று நண்பர் எழுந்த குரலில் வினவினார். “இதுதான். நாளை மறுநாள் மலைமேல் நின்று முழுவதும் காண்போம்” என்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, பாலம் முடியும்வரை வெளியே நோக்கியவாறே வந்தார்.

மறுநாள் முழுவதும் அவர்களை எங்கும் அழைத்துச் செல்லவில்லை. “நாங்களும் வெப்பநாட்டார்தாமே!” என்று நண்பர் வாதாடினார். உண்மையே, ஆயினும் இரு வெப்பமும் ஒன்றல்ல. அவர் நாட்டு வெம்மை ஈரம் பொதிந்தது. அங்கு மழையும் அடிக்கடி வந்து அதைத் தணிக்கும். நம் ஊர்க் கோடையின் வெம்மை உலர்ந்தது. வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பது இழப்பவர்க்கே தெரிவதில்லை. ஆதலால் வெட்டிவேர் இட்ட பானைநீரும், நீர்மோரும், நுங்கும், வெள்ளரிப்பிஞ்சும் மாறிமாறி வந்தன. “அக்கா, இன்னும் ஒரு குவளை” என்று என் மனைவி நண்பரின் துணைவியாரை விட்டபாடில்லை.

அடுத்த நாள் விடியுமுன் மலைக்கோட்டைக்குப் புறப்பட்டோம். மலையின் உயரம் ஏறத்தாழ 270 அடி. படிகள் நானூற்றுக்கு மேல். அடியில் மாணிக்க விநாயகரும், இடையில் தாயுமானவரும், முடியில் உச்சிப்பிள்ளையாரும் கோயில் கொண்டுள்ளனர். முழங்கால் நோவுடைய என் போன்றார்க்கு இடையிடையே நின்று பேசக் கதைகள் தேவை. இம்மலையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பேறுகாலத்து மகளுக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே தாய் வடிவில் வந்து உதவினான். அதனால் தாயுமானவன் ஆனான் என்பது தலவரலாறு. மேலே ஏறினால், ஏழாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் சிற்பம் அங்கே சுவரிற் பொலிகின்றது. அதனருகே உள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு நயமான செய்தி கூறுகின்றது: ஆறுகளை விரும்பும் பெருமான் காவிரியின் அழகிலும் மயங்கிவிடுவானோ என அஞ்சிய மலைமகள், பிறந்த வீட்டை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கி, ‘இவள் பல்லவனின் காதலி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

நண்பர் இதைக் கேட்டு மகிழ்ந்து, விரைந்து உச்சிக்கு ஏறினார். யான் மெல்லச் சென்று சேர்ந்தபோது அவர் வடக்கு நோக்கி அசையாது நின்றிருந்தார். கீழே தென்னந்தோப்புகளுக்கு இடையே அகன்ற வெண்மணற் பரப்பு. அதில் ஆங்காங்கே நாணற்புதர். ஓரிடத்தில் மட்டும் ஒரு மெல்லிய நீர்க்கோடு. தொலைவிற் கொள்ளிடமும் அவ்வாறே கிடந்தது.

“முப்பதாண்டு பிள்ளைகளுக்கு இருகரையும் புரளும் ஆறு என்று சொல்லிக் கொடுத்தேன், ஐயா” என்றார் நண்பர்.

“பொய் சொல்லவில்லை, எந்தத் திங்களில் என்று சொல்லாமல் விட்டீர்கள், அவ்வளவே” என்றேன்.

அவர் முகத்திற் சிறிது நகை தோன்றிற்று. 1934-இற் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் நீரைத் தேக்கி, ஆனிக்கு முன்பின்னாகப் பாசனத்துக்குத் திறந்து, தைத்திங்களில் அடைப்பது வழக்கம். சூன் 12 திறக்கும் நாள். சனவரி 28 அடைக்கும் நாள். நீர்வரத்து குறைந்த ஆண்டுகளில் திறப்பும் பிந்தும். இதே ஆறுதான் 2018 ஆகத்துத் திங்களிற் பெருகி வந்து, ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பிற் கட்டுவித்த மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்றது. அணையைத் தகர்த்த ஆறும் கண்முன் கிடந்த மணலும் ஒன்றே என்பதை நம்ப, பார்த்தவர்க்கே அரிது. இவற்றையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கை தோட்பையில் இருந்த செம்பின்மீதே இருந்தது.

மாலையில் ஸ்ரீரங்கம் எனவும் வழங்கும் திருவரங்கம் சென்றோம். கல்தளம் ஆறியபின் செல்வதே நன்று; நண்பகலில் வெறுங்காலால் அத்தளத்தில் நடந்தவர்க்கே அதன் சூடு தெரியும். பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாய் நின்று, 1987-இல் நிறைவெய்திய இராசகோபுரம் 236 அடி உயர்ந்து, பதின்மூன்று நிலைகளோடு நம்மை எதிர்கொள்ளும். ஏழு மதில், இருபத்தொரு கோபுரம். வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகளும் கடைகளும் உள்ளன. மதிலுக்குள் ஓர் ஊரே வாழ்கின்றது. ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 953 தூண்களே என்பதைச் சொன்னவுடன் எண்ணிப் பார்க்க விழைவோர் உண்டு. நல்ல வேளை, நண்பர் அவ்வகையினர் அல்லர். சேசராயர் மண்டபத்துப் பாயும் குதிரைகளைப் பார்த்தபின், தாயார் சந்நிதிக்கு அருகே கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக வழங்கும் மண்டபத்தில் அமர்ந்தோம். ஒரு கோயிலைக் காண்பதற்கு எல்லாவற்றையும் சுற்றுவதைவிட ஓரிடத்தில் அமர்வதே சிறந்தது என்பேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் திருவானைக்காவில் வழிபட்டோம். ஐம்பூதத் தலங்களுள் இது நீர்த்தலம். கருவறையில் நீர் ஊறும் இயல்பினது. வெளியே வந்ததும் நண்பரின் துணைவியார், “ஆறு காய்ந்து கிடக்கிறது; இங்கே மட்டும் நீர் எப்படி ஊறுகிறது?” என்று கேட்டார். “ஆறு மேலேதான் காய்ந்திருக்கிறது, அம்மா” என்றேன். சொல்லி முடித்தபின்பே எனக்கு வழி புலப்பட்டது. இந்நகரத்தார் கோடையிலும் பருகும் நீர், ஆற்று மணலில் அமைத்த பெருங்கிணறுகளிலிருந்து வருவதன்றோ!

மறுநாள் விடியலில் அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கி மணலில் நடந்தோம். ஓரமாய்த் தேங்கியிருந்த நீர் பாசி படர்ந்து, எடுக்கத் தகாததாய் இருந்தது. மாடுகளை ஓட்டிவந்த முதியவர் ஒருவர் எங்கள் கருத்தை அறிந்து, ஈரம் மிக்க இடமொன்றைக் காலால் தட்டிக் காட்டினார். மணலைக் கையாலேயே தோண்டினோம். இரண்டு முழ ஆழத்திற் கலங்கிய நீர் கசிந்தது. “முதல் ஊற்றையும் இரண்டாம் ஊற்றையும் இறைத்துவிடுங்கள், மூன்றாவதுதான் குடிக்கிற தண்ணீர்” என்றார் அவர். அவ்வாறே இறைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கிற்று. மூன்றாம் முறை ஊறிய நீரில், குழியின் அடிமணல் தெளிவாகத் தெரிந்தது. நண்பர் மண்டியிட்டுச் செம்பில் முகந்தார். பிறகு அதைத் துணியில் வடித்து, மூடியிறுகிய புட்டியில் அடைத்துப் பெரிய பெட்டியில் வைத்தோம். விமானத்திற் கைப்பையில் நூறு மில்லிலிட்டருக்கு மேல் நீர்ப்பொருள் கொண்டுசெல்ல விடமாட்டார்கள்.

அவ்வாண்டு சூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தது. சில நாளில் எங்கள் ஆற்றில் நீர் வந்தது. அதை நண்பருக்குத் தெரிவித்தேன். அன்றே மறுமொழி கிடைத்தது: “அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எத்தனை படி முழுகியிருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார்.” மாலையில் அம்மா மண்டபம் சென்று, காலால் துழாவி இறங்கி எண்ணினேன், மூன்று படிகள். அதை எழுதியனுப்பினேன். ஆடிப்பெருக்கன்று மீண்டும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று அம்மையாரிடமிருந்து கட்டளை வந்தது.