திருட்டுப் போய்த் திரும்பி வந்த கார்



போன வாரம் என் தம்பி மகனோடு ஒரு சிவப்புக் கார் பக்கத்தில் நான் நிற்கும் படத்தைப் போட்டேன். "டீச்சர், கார் வாங்கிட்டீங்களா? ட்ரீட் எப்போ?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். வாங்கவில்லை. வேண்டாம் என்றும் இன்னும் சொல்லவில்லை. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அது 2017ஆம் வருட போலோ ஜிடி டிஎஸ்ஐ. எனக்கு அது நாலு பேர் உட்காரும் சின்னக் கார்தான். அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத் திறன், 7 கியர் ஆட்டோமேட்டிக் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான். 2022இல் போலோ தயாரிப்பையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்களாம். அதனால் நல்ல வண்டி விலைக்கு வந்தால் பறந்துவிடுமாம். இந்த வண்டி மட்டும் இரண்டு மாதமாகப் பறக்காமல் நிற்கிறது. விலையும் மற்றதைவிட ஒன்றரை லட்சம் குறைவு. காரணத்தை விற்பவரே மறைக்காமல் சொல்லிவிட்டார். 2022இல் அவர் வீட்டு வாசலிலிருந்து வண்டி திருட்டுப் போய், மூன்று மாதம் கழித்து வெளிமாநிலத்தில் பிடிபட்டது.

தம்பி போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் பிள்ளை இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. "அத்தை, ஒரு மூணு லட்சம் குறையுது, மாசா மாசம் கொடுத்துடறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். என்னிடம் இருப்பது அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணம். 8.2 சதவீதம், மூன்று லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வட்டி. என் மருந்துச் செலவு அதில்தான் ஓடுகிறது.

தம்பி மனைவிக்கு வேறு கவலை. திருடன் உட்கார்ந்த வண்டி ராசியில்லை என்றாள். நம்ம ஊரில் அதற்கா வழியில்லை! அகத்தீஸ்வரர் கோயிலில் ஒரு சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றினால் போயிற்று என்றேன். என் சந்தேகம் காகிதத்தைப் பற்றியது.

பையன் வண்டியை நன்றாகத்தான் பார்த்திருந்தான். அடையாற்றங்கரையில் வளர்ந்தவன், முதலில் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து உள்ளே சேறு இருக்கிறதா என்று பார்த்தானாம். வெள்ளத்தில் நின்ற வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளுமாம். மெக்கானிக் இன்னொன்று சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவியே தயார் செய்துவிடுகிறார்களாம். ஆகவே பழைய சாவிகளையெல்லாம் வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் முன்பு வந்த விருந்தாளியே மறுபடி வரலாம்.

சேஸிஸ் எண்ணை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டேன். மொத்தம் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். நீங்கள் காலையும் 'ர'வையும் மாற்றி எழுதி என் உயிரை வாங்கியது ஞாபகம் வந்தது. இந்த எண்ணைச் சும்மா நினைக்காதீர்கள். நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் எடுத்த அவந்தி பற்றி 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் போட்ட வழக்கில், ஒரே சேஸிஸ் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்கள் பதிவாகியிருந்தன என்பதுதான் குற்றச்சாட்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் திருட்டு வண்டியா, மீட்கப்பட்டதா என்று பார்க்கலாம். எம்பரிவாகனில் பதிவு விவரமும் வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதும் தெரியும். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் என் பழைய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டேன். ஐந்தாம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்பவள், இப்போது வழக்கறிஞர். இரண்டே கேள்வி கேட்டாள். "டீச்சர், ஓனர் இன்சூரன்ஸ் பணம் வாங்கினாரா?" வாங்கியிருந்தால் வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், அவர் விற்கவே முடியாது. வாங்கவில்லை. பணம் வருவதற்குள் வண்டி கிடைத்துவிட்டது, கம்பெனிக் கடிதமும் இருக்கிறது. "சரி, கோர்ட்ல எழுதிக் கொடுத்த பாண்டைக் காட்டச் சொல்லுங்க."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொடி படர்ந்து துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போட்டுவைக்கக் கூடாது, சீக்கிரம் உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படித்தான் இவருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451இன்படி வண்டி கிடைத்தது. (2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது 497.) ஆனால் அது இடைக்கால ஒப்படைப்புதான். பாண்டில் தெளிவாக எழுதியிருக்கிறது: வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, நிறமோ பாகமோ மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வழக்கு இன்னும் முடியவில்லை.

விற்பவர் கெட்டவர் இல்லை. அந்தக் காகிதத்தை அவர் முழுசாகப் படித்ததாகவே தெரியவில்லை. "29, 30 ஃபாரத்துல இப்பவே கையெழுத்து போட்டுத் தரேன் மேடம், கேஸ் முடிஞ்சதும் பேரை மாத்திக்கலாம்" என்றார். பையனும் தலையாட்டினான். "கோர்ட்டே கையில கொடுத்துடுச்சே அத்தை, அப்புறம் என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. வண்டி மோதினால் ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அது விற்பவர் தலைவலி. இவன் பெயரில் வண்டி இல்லாதவரை, சேதம் வந்தால் இவன் இன்சூரன்ஸ் கேட்க முடியாது. நாளைக்கு நீதிபதி வண்டியைக் கொண்டுவா என்றால் இவன் கொண்டுபோய் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வர வேண்டும். இதைச் சொன்னதும் முகம் தொங்கிப் போயிற்று. பத்து நாள் போன் இல்லை. அவன் அப்பாவும் இப்படித்தான், கோபம் வந்தால் பேச மாட்டான், சாப்பிட மட்டும் வந்துவிடுவான். பதினோராம் நாள் இவனும் வந்தான்.

மாணவி சொன்ன வழி இது: விற்பவரே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விற்க அனுமதி கேட்க வேண்டும். படங்களும் பஞ்சநாமாவும் சாட்சிக்குப் போதும் என்று நீதிபதி நினைத்தால் நிபந்தனையைத் தளர்த்தலாம். அந்த உத்தரவு வந்தால் பெயர் மாற்றம் முடிந்த அன்றே பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முன்பணம்கூட அதுவரை கிடையாது. அவரும் மனுப் போட்டிருக்கிறார். முதல் வாய்தா தள்ளிப் போய்விட்டது, அடுத்தது 18ஆம் தேதி. வண்டி அவர் வீட்டில் உறை போட்டு நிற்கிறது. பையன் ஞாயிற்றுக்கிழமை போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறான், பேட்டரி இறங்கிவிடுமாம்.

என் அஞ்சலகக் கணக்கை நான் இன்னும் தொடவில்லை. முன்கூட்டி முடித்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், 3,000 ரூபாய். உத்தரவு வரட்டும்.

இப்படி மனுப் போட்டு அனுமதி வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எத்தனை மாதம் ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். போன் செய்பவர்கள் நாலு மணிக்கு மேல் செய்யவும். மதியம் தூங்குவேன்.