வாடாமல் அரைபடாது

பதுளை பசறை வீதியில் ஒலிப்பதிவுக்கான ஒரு மாடியறை. சுவர் முழுக்கக் கம்பளி தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் நமுனுகுலை மலை தெரியும்; பஸ் ஹார்னும் உள்ளே வந்துவிடும் என்பதால் இறுகச் சாத்தியிருக்கிறார்கள். மூலை நாற்காலி எனக்கு. மைக் திறந்திருக்கும்வரை நான் இருமவும் கூடாது.

பெரியவர் முற்றத்தில் காகிதத்தைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிவிட்டு ஏறி வருகிறார். மழைக்குளிரில் தோல் தொய்ந்துவிடும். விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதை அருகே வைத்துக் கேட்கிறார். விடியுமுன் தோட்ட லயத்து ஆட்களை வேலைப் பிரட்டுக்கு எழுப்பியது ஒருகாலத்தில் இந்தத் தப்புதான். மாசி மாதக் காமன் கூத்துக்கும் இதுவே. ரதி புலம்பும் பாட்டை அவருடைய தங்கை போன வாரமே பாடிப் பதிந்துவிட்டார். இன்றைக்கு அதற்கு அடி சேர வேண்டும்.

அடி விழுந்தது. நாலாவது சுற்றிலேயே அவர் கை நின்றது.

"தம்பி, பாட்டுக்குள்ள கடுகு பொரியுதே."

கணினி முன் இருந்த பையனுக்கும் கேட்டிருக்கிறது. திரையில் மென்பொருளின் அளவுகோல் சிவந்து நிற்கிறது. கணினியின் மொத்த வேலையோ 25 வீதம்தான். எட்டு கோர் உள்ள மெஷின், தவணைக்கு வாங்கியது. ஒவ்வொரு கோரையும் தனித்தனியே காட்டும் பக்கத்தைத் திறக்கிறான். ஒன்று மட்டும் உச்சியில் முட்டி நிற்க, மற்றவை தாழவே கிடக்கின்றன.

தங்கையின் குரல் தடத்தில் ஒலியைத் திருத்தும் ஏழு செயலிகளை வரிசையாக மாட்டியிருந்தான். இரைச்சல் நீக்குவதன் விடை வந்த பிறகே அடுத்தது தொடங்கும். அது முடிந்தால்தான் எதிரொலி சேர்ப்பது தொடங்கும். வெவ்வேறு தடங்களென்றால் எட்டு கோரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே தடத்தின் சங்கிலியைப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. அதற்கு மேல் கெடு வேறு. நொடிக்கு 44,100 மாதிரிகள். 256 மாதிரிக்கு ஒரு கட்டு என்று வைத்தால், ஒவ்வொரு கட்டும் 5.8 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். தவறினால் அந்த இடம் வெறுமையாகப் போகும். பெரியவர் கேட்ட கடுகு அதுதான்.

"எட்டுப் பேர் இருக்காங்க தாத்தா, ஒராள்தான் வேலை செய்யுறாரு" என்றான் பையன்.

பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. "நான் தேயிலை ஸ்டோர்ல நின்ன ஆளு. கொழுந்து ராவெல்லாம் வாடணும். எட்டு ரோலர் சும்மா நின்னாலும் வாடாத கொழுந்தப் போட ஏலுமா?"

பையன் அவரையே பார்த்தான். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கட்டை 1024 மாதிரியாக உயர்த்தினான். கெடு 23 மில்லிநொடியாக நீள, பொரிவது நின்றது. ஆனால் பெரியவரின் முகம் சுருங்கியது. கை ஒரு கணம் முந்த, ஹெட்போனில் ஒலி பிந்துகிறது. கை தயங்க, தயக்கமும் பதிவாகிறது. எத்தனையோ மாசிகள் நடு இரவில் பிசகாத கை அது. கணினிக்காக அந்தக் கையை வளைப்பது தவறு. அந்தத் தாளம் அவர் கையைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

பையனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் குரல் தடத்தை உறைய வைத்தான். ஏழு செயலிகளின் வேலையும் முன்கூட்டியே முடிந்து, ஒரே ஒலிக்கோப்பாக உட்கார்ந்தது. முடிந்த பாட்டை அப்படிச் சமைத்து வைக்கலாம். விழப்போகும் அடியை எந்த மெஷினும் முன்னரே கணக்குப் போட முடியாது. அதற்கு மட்டும் கணினி காத்திருந்தால் போதும். கட்டை 128க்கு இறக்கினான். 2.9 மில்லிநொடி.

பெரியவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். மற்றக் காது தப்புக்கு. தங்கையின் குரல் எழும்ப, அடிக்குச்சி இறங்கியது. அளவுகோல் பச்சையிலேயே ஆடியது. பையன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண் பெரியவரின் மணிக்கட்டிலேயே இருந்தது.

கடைசி அடியின் அதிர்வு அடங்கும்வரை மூவரும் அசையவில்லை.

"காமன் எரியுற கட்டம் இருக்கு" என்றார் பெரியவர். தோலைத் தடவிப் பார்த்து, மேசையிலிருந்த பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.