பழைய ஒலிப்பெட்டி வாங்கப் போவோமா?

பசியாறி முடிந்ததா? அப்படியானால் ஒரு கைவிளக்கு, ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு முழம் மின்கம்பி, வீட்டில் அடிக்கடி கேட்கும் பாட்டு ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்புங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகிறோம்.

கெலானா ஜெயா ரயில் தடத்தில் தாமான் ஜெயா நிலையத்தில் இறங்கினால், சில நிமிட நடையில் அம்கார்ப் மால் வந்துவிடும். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். பழைய நாணயம், தபால்தலை, சாவி கொடுக்கும் கடிகாரம், பித்தளைச் சாமான், தகர விளையாட்டுப் பொம்மை என்று நடைபாதையெங்கும் பரப்பியிருப்பார்கள். இசைத்தட்டுக் கடைகளும் ஒலிக்கருவிக் கடைகளும் அந்தக் கட்டடத்திலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சுங்கை ரோடு சந்தை நினைவுக்கு வரலாம். அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. நல்லவேளையாக, நமக்கு இந்த இடம் இருக்கிறது.

வீட்டில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இருக்கும்போது பழைய ஒலிப்பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவுக்காகத்தான் நான் தேடிப் போனேன். தோட்டத்தில் இருந்தவரை, மாலையில் வானொலி முன்னால் உட்காராத நாள் அவருக்குக் கிடையாது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், நாங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தோம். கைப்பேசியில் நாதஸ்வரம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கேட்டார். “தகர டப்பாவுக்குள்ள ஊதுற மாதிரி இருக்குப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. மாலை முழுவதும் சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் தடவை நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது வேறோர் ஊரில், வேறொரு கடையில். தேக்கு நிறத்தில் பளபளவென்று ஆளுயரத்தில் பாதி இருந்த ஜோடியைப் பார்த்து மயங்கி, துணி மூடியைக் கழற்றிப் பார்க்காமலே 200 வெள்ளியைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால் கரகரவென்றது. மூடியைக் கழற்றினேன். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரைவளையம் கையில் பட்டதும் ஊறிய பிஸ்கட்போல உதிர்ந்தது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நுரை சில ஆண்டுகளிலேயே மக்கிவிடும். ரப்பர் வளையமும் துணி வளையமும் நெடுநாள் தாங்கும். நுரையை மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, மூடியைக் கழற்றச் சொல்வதுதான் முதல் வேலை. கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கைவிளக்கு அடித்து வளையத்தைப் பாருங்கள். பிறகு இரண்டு கை விரல்களையும் பெரிய கூம்பின் இரு பக்கத்திலும் வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல மெல்ல உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. உரசும் சத்தம் கேட்டால் உள்ளே கம்பிச்சுருள் நகர்ந்திருக்கிறது, வேண்டாம். பெட்டியின் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். மரத்தூள் பலகை தண்ணீர் குடித்திருந்தால் வீங்கி மேடுபள்ளமாக இருக்கும். கரையான் தடமும் அங்கேதான் தெரியும்.

பேட்டரி எதற்கென்றால், அதன் இரு முனைகளிலிருந்தும் கம்பியை எடுத்துப் பெட்டியின் பின்புற முனைகளில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ‘டப்’ என்று கூம்பு அசைந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். பின்னால் 8 ஓம் என்று அச்சடித்திருந்தால் சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு ஒத்துப்போகும். 4 ஓம் என்றிருந்தால், உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, கொண்டுபோன பாட்டைப் போடச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு பெட்டியாகக் கேளுங்கள். மேலே இருக்கும் சின்ன ட்வீட்டருக்கு அருகில் காதை வைத்துப் பாருங்கள். ஒன்றில் சலங்கை ஒலி தெளிவாகவும் மற்றதில் மங்கலாகவும் இருந்தால் ஜோடி சரியில்லை.

நான் வாங்கியது வார்ஃபடேல் என்று பெயர் போட்ட சிறிய ஜோடி. கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் 1932-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், தம் வீட்டு நிலவறையில் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டியின் மேற்புறம் கீறலாகத்தான் இருந்தது. கூம்பைச் சுற்றி ரப்பர் வளையம். தள்ளிப் பார்த்தேன், உரசல் இல்லை. விற்றவர் வயதான சீனர். “போலே கூராங்?” என்றேன். 350 வெள்ளி 280-க்கு இறங்கியது. யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். கம்பியை இலவசமாகச் சுருட்டிக் கொடுத்தார்.

வாங்கியதோடு வேலை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது. எங்கள் கூடம் பத்தடிக்குப் பதினான்கடி. இடம் மிச்சமாகட்டும் என்று இரண்டையும் மூலைக்கு ஒன்றாகத் தரையில் வைத்தேன். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தைப் போட்டேன். தவிலின் தொப்பிப் பக்கம் ‘தொம் தொம்’ என்று சுவரை இடித்தது. நாதஸ்வரம் எங்கோ பின்னால் போய்விட்டது. மறுநாள் கீழ்வீட்டு மக்சிக் மேலே வந்தார். இரவு நேரத்தில் யார் சம்பால் இடிக்கிறார்கள் என்று பணிவாகத்தான் கேட்டார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. “வேணாம்பா, திருப்பிக் குடுத்துடு” என்றார்.

அன்றிரவு நான் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ்ச்சுருதியைப் பெருக்கிக் காட்டும். எனவே பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே, பக்கச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் இடையே ஆறடி. கேட்பவருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதே ஆறடி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். அப்பாவின் பிரம்பு நாற்காலிக்குத் தக்கபடி சிமெண்ட் கற்களை அடுக்கி, மேலே பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்து, அதன்மேல் பெட்டியை ஏற்றினேன். அதிர்வு தரைக்கு இறங்குவதை அது குறைக்கும். ஆனால் முற்றிலும் நிறுத்தாது. மற்றதைச் சத்தத்தைக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். வெறும் தளக்கல்லில் ஒரு பாயை விரித்து, சன்னலுக்குக் கனத்த திரை போட்டால் எதிரொலி அடங்கும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பக்கமும் கம்பியைப் பாருங்கள். ஒன்று மாறினாலும் பாடகர் நடுவில் நிற்காமல் அறையெல்லாம் அலைவார்.

மறுநாள் மாலை மக்சிக்கின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மேலே மகனைப் போடச் சொன்னேன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். ஓரிடத்தில் அவர் கையைக் காட்டி, இதுவரை சரி என்றார். ஆம்ப்ளிஃபயர் திருகில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். பத்து மணிக்கு மேல் போடுவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தேன். அந்தப் புள்ளிதான் இன்றுவரை எங்கள் எல்லை.

நான் மேலே வந்தபோது அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கண் மூடியிருந்தது. எழுந்து வந்து, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அவரு மூச்சு வாங்குறது கேக்குதுப்பா.”

அதிகச் சத்தம் நல்ல ஒலி ஆகிவிடாது, வாசகர்களே. ஊதுபவரின் மூச்சு காதில் விழ வேண்டும்; கீழ்வீட்டுக் குழந்தையும் தூங்க வேண்டும். இரண்டும் கூடிவரும் இடம் உங்கள் கூடத்திலும் எங்கோ இருக்கிறது. பெட்டியை ஓரடி இப்படியும் ஓரடி அப்படியும் நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.