தட்சிணசித்ரா போனால் அடுப்படியைப் பாருங்கள்!

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்ட இடம். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து, இங்கே மறுபடியும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று அரை நாள் நிம்மதியாகச் சுற்றலாம்.

வருகிறவர்களில் பலரும் தூண்களுக்கும் திண்ணைக்கும் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். புது வீடு கட்டப்போகிறவர்களும் சமையலறையை மாற்றப்போகிறவர்களும் கொஞ்சம் உள்ளே போய், அந்தக் காலத்து வீட்டு வேலை எந்த உயரத்தில் நடந்தது என்று கவனிக்கலாம்.

விறகடுப்பு தரையோடு இருக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில்தான். அரிவாள்மணையில் காய் நறுக்க, ஒரு காலை மடித்து உட்கார வேண்டும். உரலில் இடிப்பதென்றால் எழுந்து நின்று, உலக்கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். உட்காரும் மணைப்பலகைகூட சில அங்குல உயரம் கொடுத்தது. வேலைக்கு ஏற்ற மாதிரி உயரம் மாறியது.

ஒரு வீட்டு வாசலில் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"எப்பவும் கீழ உக்காந்துதான் சமைப்பீங்களா ஆயா? முட்டி வலிக்காதா?"

"வலிக்கும் கண்ணு. புகை வேற கண்ணைக் கரிக்கும். ஆனா அப்பல்லாம் தோள்பட்டை வலிச்சதில்ல. இப்ப உங்க வீட்டு மேடையில ஒரு வேளை சமைச்சா, ராத்திரி கையைத் தூக்க முடியல."

தரையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்தது நல்ல மாற்றம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், வரும்போது எல்லா வேலையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்த உயரத்தையும் மேஸ்திரியோ பில்டரோதான் முடிவு செய்கிறார். தினமும் அங்கே நிற்கப்போகிறவரை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளப்பது ரொம்ப சுலபம். சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால், காய் நறுக்க வசதியான உயரம் கிடைக்கும். 5 அடி உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். அவருக்கு 32 முதல் 34 அங்குல மேடை போதும். 5 அடி 6 அங்குலம் இருப்பவருக்கு 36 அங்குலம் தேவைப்படும்.

இனி அடுப்பைக் கவனியுங்கள். 34 அங்குல மேடையில் 4 அங்குல அடுப்பு. அதன் மேல் 8 அங்குல குக்கர். மொத்தம் 46 அங்குலம். 5 அடி ஆளுக்கு அது கிட்டத்தட்ட தோள் உயரம்! உள்ளே கரண்டி விட்டுக் கிளற, கையைத் தோளுக்கு மேல் தூக்கியாக வேண்டும். பாட்டி சொன்ன வலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் தாழ்த்திக் கட்டினால் பெரிய நிம்மதி. சப்பாத்தி தேய்க்கவும் தாழ்ந்த இடமே நல்லது. உடல் எடையைக் கொடுத்து அழுத்தலாம். சிங்க் மட்டும் நேர்மாறு. பாத்திரத்தைக் கழுவுவது தொட்டிக்குள் என்பதால், விளிம்பு கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் முதுகு வளையாது.

இன்னொரு விஷயம். டைல்ஸ் போடும் முன்பே மேடை கட்டினால், பிறகு தரை 2 அங்குலம் வரை உயரக்கூடும். அந்த அளவுக்கு மேடை தாழ்ந்துபோகும். அதனால் டைல்ஸின் மேல்மட்டத்திலிருந்து கிரானைட்டின் மேல்மட்டம் வரை எவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள்.

பழைய வீடுகளில் விளக்கு வைக்கச் சுவரில் மாடக்குழி இருக்கும். நிற்கிறவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அது அமையும். இன்றைய பிளக் பாயின்ட்டுக்கும் அதே நியாயம்தான். ஆனால், ஹாலிலும் படுக்கையறையிலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அதை வைத்துவிட்டு, வயதானவர்களைக் குனியவிடுகிறோம். பிரிட்டனில் புதிய வீடுகளுக்கான கட்டட விதி, சுவிட்சும் பிளக்கும் தரையிலிருந்து 450 முதல் 1,200 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஒன்றரை அடிக்கும் 4 அடிக்கும் இடையில். நம் வீட்டுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். கட்டில் பக்கம் இரண்டு, இரண்டரை அடியில் இருந்தால், படுத்தபடியே போனை சார்ஜில் போடலாம்.

சமையலறையில் மேடைக்கு மேல் 8 முதல் 10 அங்குலத்தில் பிளக் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னாலும் சிங்குக்கு மேலேயும் வேண்டாம். மிக்ஸி வயர் நீளம் குறைவு. வயர் அடுப்பைத் தாண்டிப் போகாதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது, 16 ஆம்பியர் தேவை. ஃபிரிட்ஜின் பிளக் பின்னால் மறைந்தாலும், சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டும்.

தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தரையோடு இருக்கும் பிளக்கில்தான் தண்ணீர் முதலில் ஏறும். அங்கே 3 அடிக்கு மேல் வைப்பது நல்லது.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில், வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் பெரியவர்களையும் அழைத்துப்போய், உட்கார்ந்து சமைத்த காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன், அவர்களின் முழங்கை உயரத்தையும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.