கரை நெருங்கினால் தூக்கமில்லை

பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சு மாலுமி மூன்று படகுகளைப் பறிகொடுத்தவர். முதலாவது 1952இல் இந்தியப் பெருங்கடலின் தியேகோ கார்சியாவில் போனது. தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்க வழியில்லாமல் வந்து பவளப்பாறையில் ஏறிவிட்டார். இரண்டாவது 1958இல் கரீபியன் கடலில், அசதியில் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் கரையில் மோதியது. மூன்றாவதை 1982இல் மெக்சிகோவின் காபோ சான் லூக்காசில் நங்கூரமிட்டு நின்றபோதே புயல் கரையில் தூக்கிப் போட்டது. ‘ஜோஷுவா’ என்ற அந்த மூன்றாவது படகில்தான் அவர் 1968 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் தன்னந்தனியாக உலகை ஒன்றரைச் சுற்று வந்து, 1969 ஜூனில் தஹீத்தியில் இறங்கினார். பத்து மாதம் தென்கடல் செய்யாததைக் கரை ஒரே இரவில் செய்துவிட்டது.

“நடுக்கடலில் தனியாக, பயமாக இருக்காதா?” என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். நடுக்கடலில்தான் நான் நன்றாகத் தூங்குகிறேன். படகின் பின்புறம் பொருத்திய காற்றுத்தகடு சுக்கானைப் பார்த்துக்கொள்ளும். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும், அவ்வளவுதான். அந்தத் தகடுகூட இல்லாமல் ஜோஷுவா ஸ்லோகம் என்ற தனி மாலுமி 1897இல் தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் கீலிங் தீவுகள்வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார். சுக்கானைப் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம் என்று எழுதினார்.

கப்பல் பயம் உண்டுதான். 20 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் எட்டு மைல் தூரத்தில் கண்ணில் பட்டால், நம்மை வந்தடைய 24 நிமிடம். தனி மாலுமிகள் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குவது இந்தக் கணக்கில்தான். இப்போது ஏ.ஐ.எஸ். கருவி கப்பல் நெருங்கும்போது கத்தி எழுப்பிவிடுகிறது. (1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளின்படி எந்நேரமும் ஒருவர் கண்காணித்தபடி இருக்க வேண்டும். சட்டம் பார்த்தால் தூங்கும் தனி மாலுமி ஒவ்வொருவரும் குற்றவாளிதான்.) ஆனால் தீவில் ஏ.ஐ.எஸ். கிடையாது.

பிரெஞ்சுப் பாலினேசியாவின் துவாமோட்டு தீவுகளுக்குப் போனால் இது உறைக்கும். எழுபதுக்கும் மேற்பட்ட பவளத் தீவுகள், ஏறக்குறைய எல்லாம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. பகலிலேயே தென்னை உச்சிகள்தான் முதலில் தெரியும். இரவில் எதுவும் தெரியாது. 1768இல் இவ்வழி வந்த பிரெஞ்சுக் கடலோடி புகான்வீல் இதற்கு ‘ஆபத்தான தீவுக்கூட்டம்’ என்று பெயரிட்டார். ஆட்கள் நிறைய இருந்தால் தப்பலாம் என்றும் இல்லை. 2014இல் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் முழுக் குழுவோடு வந்த ஒரு படகு, மின்வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால், மொரிஷியசுக்கு வடக்கே பவளத்திட்டில் ஏறியது.

ஆகவே இங்கே வேகம் நமக்கு நண்பன் இல்லை. மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து துவாமோட்டுக்குச் சுமார் 500 கடல் மைல். காலை எட்டு மணிக்குக் கிளம்பி 5 நாட் வேகத்தில் போனால் 100 மணி நேரம். ஐந்தாம் நாள் நண்பகலில் சேரலாம். 6 நாட் வேகத்தில் போனால் நாலாம் நாள் இரவு ஏழு மணிக்கே பாறை வாயிலில் நிற்போம். நல்ல காற்றடிக்கும்போது நான் பாயைச் சுருக்குவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதுண்டு. அப்படியும் சீக்கிரம் வந்துவிட்டால், தீவின் காற்று மறைவில், நழுவினாலும் திறந்த கடலுக்கே போகும் இடத்தில் காத்திருப்பேன். முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைப் பூட்டினால் படகு சாதுவாகக் கிடக்கும்.

காயலுக்குள் நுழையப் பாறை வளையத்தில் ஓரிரு வாய்கள் மட்டுமே இருக்கும். தென்புறம் உடையும் பேரலைகள் வளையத்தைத் தாண்டிக் காயலை நிரப்புகின்றன. அந்தத் தண்ணீர் முழுதும் வாய் வழியே வெளியேறியாக வேண்டும். அதனால் அலை பெரிதாக இருக்கும் நாட்களில் ஓதப் பட்டியலை நம்பக் கூடாது; ஏற்றத்தின்போதும் வெளியோட்டம் நிற்காது. வாயில் வெண்ணுரை தெரிந்தால் வெளியிலேயே காத்திருப்பதுதான் உத்தமம்.

உள்ளே போனபின் கண்தான் வரைபடம். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பவளம். இது வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் தெரியும். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை. பார்க்க அணியத்தில் நிற்க வேண்டும், சுக்கானோ பின்னால். இருவர் வேலை இது. நான் தனி ஆள் என்பதால் தானியங்கிச் சுக்கானின் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அணியத்தில் நின்று ஓட்டுகிறேன்.

நங்கூரம் போடுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். மணல் திட்டில் நங்கூரத்தை இறக்கி, காற்று படகைப் பின்தள்ளத் தள்ளச் சங்கிலியை விடுவேன். நங்கூரத்தை ஒட்டிய பகுதி மணலில் கிடக்கும். அதற்குப் பிறகு இடைவெளி விட்டு மிதவைகளைக் கொக்கியில் மாட்டுவேன். முத்துப் பண்ணைகள் கைவிட்ட மிதவைகள் இதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். சங்கிலி பவளத்தின் மேலே மிதந்து நிற்பதால் சிக்குவதில்லை, பவளமும் உடைவதில்லை. பிறகு ஏணியை இறக்கிவிட்டு, முகமூடியோடு குதித்து நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் சோறு. துவாமோட்டின் ரங்கிரோவா காயல் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். காற்று நள்ளிரவில் திரும்பினால், அவ்வளவு நீளத்தில் அலை திரண்டு வந்து படகைப் பாறைப் பக்கம் தள்ளும். அப்போது உதவிக்கு எழுப்ப ஆளில்லை.

தனியாகப் போக ஆசைப்படுகிறவர்கள், படகுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு அளவு கூடுதலான நங்கூரமும் நீளமான சங்கிலியும் வாங்குங்கள். பாய் பழையதாக இருக்கலாம்.