கூர்க்காவின் ஊர்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன் நேபாளத்தில் பூமி ஆடியது. ஏறக்குறைய 9,000 உயிர்கள் போயின. நடுக்கத்தின் மையம் கோர்க்கா மாவட்டம் என்று செய்தியில் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. இரவெல்லாம் தடி தட்டி, விசில் ஊதி எங்கள் தெருவைக் காத்தவரை நாங்கள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூர்க்கா என்றே கூப்பிட்டோம். அந்தச் சொல்லே அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

மறுநாளே தெருப் பிள்ளைகள் பழந்துணி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனாலும் வேண்டாமென்று தடுத்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சில நாள் வேலை செய்தவன் நான். சாலையோரமெல்லாம் துணி குவிந்து, சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. கிழிந்த சேலைகள், அந்த ஊர் வெக்கையில் யாராலும் போடமுடியாத கம்பளிச் சட்டைகள். மீனவப் பெண் ஒருத்தி அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தாள். "நாங்க உழைச்சு நல்லது உடுத்தினவங்க ஐயா" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது படகும் வலையும்.

காத்மாண்டின் சர்வதேச விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. மீட்புக் குழுக்கள், மருந்து, கூடாரம் எல்லாம் அதில்தான் இறங்கவேண்டும். சிந்துபால்சோக் போன்ற மலை மாவட்டங்களில் பாதைகள் சரிந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு மனிதர் முதுகில்தான் சாமான் ஏறும். நம் துணிமூட்டை ஒன்று ஏறினால் அரிசிமூட்டை ஒன்று நின்றுபோகும். காசாகக் கொடுங்கள் என்றேன். காசு அங்கேயே அரிசி வாங்கும், அங்குள்ள கடைக்காரனும் பிழைப்பான். அதையும் நேற்று முளைத்தவர்களிடம் தராமல், செஞ்சிலுவைச் சங்கம்போல முன்பிருந்தே அந்த மண்ணில் வேலை செய்பவர்களிடம் தரவேண்டும். எந்தப் பாலம் விழுந்தது, எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வாசலிலேயே அப்படி ஒருவர் நின்றுகொண்டிருந்தார், எங்கள் தெருக் கூர்க்கா. மனைவி மக்கள் பிழைத்துவிட்டார்கள், வீடு இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அரிசி என்பார், போர்வை என்பார் என்று நினைத்திருந்தேன். "தகரம் சாப்" என்றார். ஜூனில் பருவமழை பிடித்துவிடும், அதற்குள் தலைக்குமேல் கூரை வேண்டும். நானாக யோசித்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

தெருவே சேர்ந்து கொடுத்தது. கோரக்பூர் வரை ரயில் டிக்கெட், கையில் பணம். திரும்பி வரும்போது வேலை அவருக்கே என்ற வாக்கும் கொடுத்தோம். அதைக் கேட்டபோதுதான் அவர் கண் கலங்கியது. நேபாளத்தில் எத்தனையோ குடும்பங்கள் வெளியூர்ச் சம்பாத்தியத்தில்தான் வாழ்கின்றன. அந்த வேலையும் போனால் வீட்டை எதைக்கொண்டு கட்டுவது?

ஐப்பசியில் திரும்பினார். செல்போனில் படம் காட்டினார்: தகரக் கூரை, காற்றில் பறக்காதிருக்க அதன்மேல் பாறாங்கற்கள். சுவர் இன்னும் எழும்பவில்லை. சுமார் 5 லட்சம் வீடுகள் விழுந்த நாடு அது. அரசு உதவித்தொகை தவணை தவணையாகத்தான் வரும். தொலைக்காட்சிக்காரர்களோ எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி வீடு வீடாகப் போனேன். "இன்னுமா?" என்று கேட்டார்கள். பாதிப்பேர்கூடக் கொடுக்கவில்லை. வந்ததை அனுப்பினோம், சிமென்ட் வாங்கினார்.