கட்டுச்சோறா, ஓட்டலா?

எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்புகிறோம் என்றால் முதல் நாளே ஒரு சண்டை உண்டு. டிக்கெட்டைப் பற்றி இல்லை, பெட்டியைப் பற்றியும் இல்லை. சாப்பாட்டைப் பற்றி! "கட்டுச்சோறு கட்டிடணும்" என்பது என் மாமியார் கட்சி. "எதுக்கு அத்தை, போற வழியில எல்லாம் கிடைக்குது" என்பது என் கட்சி. என் வீட்டுக்காரர் இரண்டிலும் சேராதவர். யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற கட்சி!

என் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கட்டுச்சோறு நல்லதுதான். ஆனால் அதைக் கட்டுவது யார்? காலை ரயில் என்றால் மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். புளியோதரைக்குச் சோறு உதிரியாக வடித்து ஆறப் போட்டு, தயிர்சாதத்துக்குத் தனியாகக் குழைய வடித்து, இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, உருளைக்கிழங்கு வறுத்து, பொட்டலம் கட்டி, பாத்திரம் தேய்த்து, அடுப்படி துடைத்துவிட்டு ரயிலேறினால், செங்கல்பட்டு ஏரி வருவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். வீட்டில் எல்லாருக்கும் லீவு. எனக்கு மட்டும் ஓவர்டைம்!

இன்னொன்று, இருபது வருஷமாகச் சென்னையில் குடித்தனம் செய்கிறேன். தெருமுனையில் டீக்கடை, அடுத்த திருப்பத்தில் இட்லிக் கடை. அதுவும் வேண்டாமென்றால் போனைத் தட்டினால் அரை மணியில் வாசலில் மணி அடிக்கிறது. பசி என்பது அரை மணி நேர விஷயம் என்று மனசில் பதிந்துபோய்விட்டது. சென்னை ஓட்டல்கள் மேல் எனக்குக் குறையும் உண்டு. பத்துப் பக்கத்துக்கு மெனு கார்டு நீட்டுவார்கள், எதைத் திறந்தாலும் பனீர். சாம்பாரில் பாயசத்துக்குப் போடுகிற அளவு வெல்லம். ஆனாலும் நான் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கொண்டுவந்து வைக்கிற அந்தச் சுகம் இருக்கிறதே! அதற்காக எந்தச் சாம்பாரையும் மன்னிக்கலாம்.

போன மே மாதம் மதுரையில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பிற்பகலில் சென்னையில் ஏறினால் ராத்திரி மதுரை போய்ச் சேருகிற ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தோம். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு இட்லி வச்சுக்கலாமா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார். "ரயில்லயே வாங்கிக்கலாம் அத்தை. நீங்க நிம்மதியா வாங்க" என்றேன். இந்தத் தடவை என் கட்சிக்கே வெற்றி.

ஆஹா, அன்றைக்குத்தான் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழுசாகப் பிரயாணம் செய்தேன்! கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். 1987-ல் கட்டி முடித்த கோபுரம், பதின்மூன்று நிலை. அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்து காவிரி, தூரத்தில் மலைக்கோட்டை. குழந்தைகள் வடை, சமோசா என்று வருகிறதையெல்லாம் வாங்கித் தின்றார்கள். ராஜ வாழ்க்கைதான் போங்கள்.

திருச்சி தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வாங்கினோம். வெஜிடபிள் பிரியாணி. அத்தை பிரித்தார், மசாலா வாடை அடித்தது, மூடி வைத்துவிட்டார். "பசிக்கலேம்மா. வீட்டுக்குப் போயி ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கறேன்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வழக்கம்போல ஏழு மணிக்கே அவர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மணப்பாறை தாண்டி வண்டி சிக்னலுக்காக நின்றது. நின்றது நின்றதுதான். எட்டரை இருக்கும். அத்தை நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. புழுக்கம் என்று நினைத்து விசிறினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினால் கை நடுங்குகிறது, மூடியைத் திறக்க முடியவில்லை. "அப்பத்தா, என்ன பண்ணுது?" என்று என் மகள் கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

எதிர் சீட்டில் ஓர் அம்மா, மடியில் ஒயர் கூடையோடு இருந்தார். சட்டென்று எழுந்து, "சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்களா? சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். அவ்வளவுதான், கூடையிலிருந்து குளுக்கோஸ் டப்பாவை எடுத்து, மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்து அவரே புகட்டினார். கால் மணி பொறுத்துப் பார்த்து இன்னொரு தடவை. மெல்ல மெல்ல வியர்வை அடங்கியது, பேச்சும் தெளிந்தது. உடனே கூடையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. பொடி தடவின இட்லி. யார் வீட்டுச் சாப்பாடு என்று ஆயிரம் யோசிக்கிற அத்தை, மறுபேச்சில்லாமல் இரண்டு சாப்பிட்டார்.

"எங்க போனாலும் நாலு இட்லி கூடவே வச்சிருப்பேன். நமக்கு இல்லேன்னாலும் யாருக்காவது ஆகும்" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலை நிமிரவில்லை. ஆள்கள் ஐந்து பேர், பெட்டிகள் நான்கு, ஆனால் எங்களிடம் ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை!

ராத்திரி வீடு சேர்ந்ததும் நாத்தனார், "ரயில்ல என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. அத்தை என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இட்லிதான். நல்ல பூப்போல இட்லி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அன்று ராத்திரி நானே நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். "விடுங்க அண்ணி, அம்மா பிடிவாதம் எனக்குத் தெரியாதா?" என்று அவர்தான் தேற்றினார்.

காதுகுத்து முடிந்து மறுநாள் மீனாட்சியம்மன் தரிசனம். மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று மாதப் பெயரிலேயே வீதிகள், ஒன்றுக்குள் ஒன்றாக. அதில் நடந்தாலே பசி வந்துவிடும். மாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன இட்லிக் கடைக்கு அழைத்துப் போனார்கள். அத்தை வருவாரா என்று பயந்துகொண்டே பார்த்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். துணி போட்டு ஊற்றிய இட்லி ஆவி பறக்க இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, இலையைத் தண்ணீர் தெளித்து இரண்டு தடவை துடைத்து, மூன்று இட்லி சாப்பிட்டார். "சட்னி பரவாயில்லே. உன் சாம்பார் அளவு இல்லே" என்று எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு ஓட்டல் மேல் வெறுப்பில்லை. கண்ணால் பார்த்து, சூடாக, வேளைக்குக் கிடைத்தால் அவரும் சாப்பிடுகிறார். அவர் கட்டுச்சோறு கேட்டது ருசிக்காக இல்லை, வேளைக்காக. ஊரில் அரை மணியில் கிடைக்கிற சோறு நடுக்காட்டில் நிற்கிற ரயிலில் கிடைக்காது. நகரத்துக்காரி எனக்கு அது மறந்துபோயிருந்தது.

குழந்தைகள் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் போட்ட ஜிகர்தண்டாவை ஒரு கை பார்த்தார்கள். அவரும் மாப்பிள்ளையும் ராத்திரி பன் பரோட்டா தேடிப் போனார்கள். எனக்குப் பிடித்தது தள்ளுவண்டிப் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த அந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை மதுரை போகலாம்.

ஊர் திரும்பியதும் எங்கள் டாக்டர் விளக்கினார். சில சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் எல்லாம் அதன் அடையாளம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட வேண்டும். ரயிலில் என்றால் 139.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் கூட்டணி. பாதி கட்டுச்சோறு, பாதி ஓட்டல். உங்களுக்கும் உதவுமே என்று எங்கள் ஒப்பந்தத்தைச் சொல்கிறேன்:

* ஆளுக்கு ஒரு வேளைக்குப் பொடி இட்லி கட்டாயம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், முதலில் கெடுவது அதுதான்.

* தயிர்சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால் மதியம் வரை புளிக்காது. வெயில் காலத்தில் நாலைந்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எந்தச் சாதமானாலும் ஆறின பிறகே கட்ட வேண்டும்.

* வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் கிழியாது.

* கைப்பையில் குளுக்கோஸ், மருந்துச் சீட்டு, குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கூடாது.

* ஓட்டல் என்றால் கூட்டம் உள்ள கடை, ஆவி பறக்கிற பலகாரம். நறுக்கி வைத்த பழம், மூடி உடைந்த தண்ணீர் பாட்டில் பக்கமே போவதில்லை.

* மாத்திரை போடுகிறவர், சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகே மாத்திரையை எடுக்க வேண்டும்!

ஒன்றை மறந்துவிட்டேனே! மதுரையிலிருந்து திரும்பியது விடியற்காலை ரயிலில். முதல் நாள் ராத்திரி நான் இட்லி மாவைத் தேடி அடுப்படிக்குப் போனபோது, அத்தை கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "நீ போய்ப் படும்மா. காலையில இட்லியை நாங்க வேக வச்சுக்கறோம். பொட்டலம் உன் புருஷன் கட்டட்டும்."

கட்டினாரே! ஒரு பொட்டலம்கூட நேராக இல்லை. விழுப்புரம் வருவதற்குள் இரண்டு அவிழ்ந்துவிட்டன. ஆனாலும் சொல்கிறேன், அதைப்போல ருசியான கட்டுச்சோறு நான் சாப்பிட்டதே இல்லை.